நாற்பத்தொரு அசுவினிகள்

நான் நச்சுயிரியல் ஆராய்ச்சி செய்கிறவள். வைரஸ் என்று சொன்னால்தான் விளங்கும் என்றால், வைரஸ். ஆனால் என்னுடைய வைரஸுக்கு மனிதர்கள் மேல் எந்த அக்கறையும் கிடையாது. அதற்கு வேண்டியது வாழை. இதை நான் பலரிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன், நம்பியவர் ஒருவரும் இல்லை. கொரோனா காலத்தில் எங்கள் தெருவுக்குப் பால் கொண்டுவருகிற அண்ணாச்சி, எங்கள் வீட்டுப் பாக்கெட்டை மட்டும் கேட்டுக்கு வெளியே வைத்து மணியடிப்பார். நான் கதவைத் திறப்பதற்குள் அடுத்த தெருவில் இருப்பார். அதற்குப் பிறகு என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், பஜ்ஜியைக் கையில் எடுத்தபின் நான் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று கேட்டது. பதிலைக் கேட்டதும் பஜ்ஜி தட்டுக்கே திரும்பிப் போனது. அன்றிலிருந்து அம்மா யார் கேட்டாலும் "வாழை ஆராய்ச்சி" என்று நிறுத்திக்கொள்வாள். வைரஸ் என்ற சொல் எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லாமல் போயிற்று. அப்பா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் என்பதால் ஒரு சொல்லை ஒழிப்பது சுலபமாக இருந்தது.

நான் ஆராய்கிற நோய்க்கு முடிக்கொத்து என்று பெயர். அது வந்த வாழை குலை தள்ளாது. இலைகள் குட்டையாகி, உச்சியில் ஒன்றோடொன்று நெருங்கி, நிமிர்ந்து கொத்தாக நிற்கும். இளங்கன்றாக இருக்கும்போது பார்க்க அழகாகவே இருக்கும். அதுதான் அதில் உள்ள பெரிய கெடுதல். மருந்து கிடையாது. கண்டவுடன் கிழங்கோடு தோண்டி அழிப்பது ஒன்றே வழி. தாமதித்தால், அசுவினி என்கிற கடுகளவு கறுப்புப் பூச்சி இலையடியில் உட்கார்ந்து சாற்றைக் குடித்துவிட்டு, அடுத்த வாழைக்குப் போய் அங்கேயும் குடிக்கும். வைரஸ் அதோடு போகும்.

இந்த வைரஸைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்க முடியாது. உயிரோடு வேண்டுமென்றால் உயிருள்ள வாழையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே என் இரண்டு வருட ஆராய்ச்சியின் மொத்தச் சொத்து, தொட்டியில் நின்ற ஒரு வாழைக்கன்றும் அதன்மேல் நான் விட்டிருந்த அசுவினிகளும்தான். கல்லூரியில் இதற்கென்று இரட்டைக் கதவு போட்ட வலைக்குடில் ஒன்று உண்டு. அதன் கதவில், நோயுற்ற செடிகளை எக்காரணம் கொண்டும் வளாகத்தைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கும். அதை எழுதி ஒட்டியது நான்.

அந்த ஐப்பசியில் அடித்த மழையிலும் காற்றிலும் வலைக்குடிலின் கூரை கிழிந்தது. சரிசெய்ய இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். கிழிந்த கூரைக்குக் கீழே செடியை வைத்திருந்தால் அசுவினிகள் பறந்து கல்லூரியின் மற்ற வாழைகளுக்குப் போய்விடும். நான் யோசித்தேன். யாரிடமும் கேட்காமல் யோசித்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பிறகு செடியைப் பழைய போர்வையில் சுற்றி, ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் வைத்து, வண்ணார்பேட்டை நெரிசலில் இரண்டு காலாலும் அணைத்துப் பிடித்தபடி பாளையங்கோட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மொட்டைமாடியில் வைத்து, அலமாரியில் சும்மா கிடந்த கொசுவலையை அதற்குக் கட்டினேன்.

அம்மா மாடிக்கு வந்து பார்த்து, வலைக்குள் யார் என்று கேட்டாள்.

நோய்ச் செடி என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வைரஸா என்று கேட்பாள். ஆமாம் என்றால் அன்று சாயங்காலமே அதைத் தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் பார்க்கலாம். எனவே இது அபூர்வமான ரகம், ரொம்ப உயர்ந்தது, யாரும் தொடக் கூடாது என்று சொன்னேன். அம்மா ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் பொய் சொன்னால் முகத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள் என்று பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர். இதைக் கண்டுபிடிக்கவில்லை.

தினமும் காலையில் அரைமணி நேரம் வலைக்குள் தலையை விட்டு, லென்ஸை வைத்து, ஒவ்வோர் இலையடியாக அசுவினிகளை எண்ணுவேன். எண்ணும்போது வாய் முணுமுணுக்கும், அது என் பழக்கம். பிறகு குளித்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும் ஓடுவேன். கோயம்புத்தூரில் ஐந்து நாள் பயிற்சிக்குக் கிளம்பிய வெள்ளிக்கிழமைக் காலையில் நாற்பத்தொன்று இருந்தன. நோட்டில் எழுதினேன். வலையைக் கீழே கல் வைத்து இறுக்கினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகை என்பது எனக்குத் தெரியும். தெரிந்ததால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அதை நினைக்கவே இல்லை.

புதன்கிழமைக் காலையில் திரும்பி வந்து பையோடு மாடிக்கு ஏறினேன். கொசுவலை நான்காக மடித்து, மேலே கல் வைத்து, மூலையில் இருந்தது. செடி இருந்த இடத்தில் வட்டமாக ஈரம் காய்ந்த தடம்.

அம்மா கீழே தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். செடி எங்கே என்று கேட்டேன்.

"கோயிலுக்குக் குடுத்துட்டேன்" என்றாள்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் ஆலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வோம். அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் வீட்டில் விளைந்ததில் நல்லதைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். வாழைத்தார், கோழி, முருங்கைக்காய், பூசணி, முட்டை, ஆட்டுக்குட்டி. ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியே வேப்பமரத்தடியில் வைத்து ஏலம் விடுவார்கள். ஏலத்தில் எடுத்ததைத் திரும்பக் கொடுத்து மறு ஏலம் விடச் சொல்கிறவர்களும் உண்டு. அந்த வருடம் ஒரே முட்டை மூன்று தடவை விற்றதாம். என் செடியை யாராவது அப்படித் திருப்பிக் கொடுத்தார்களா என்று கேட்டேன். அம்மாவுக்கு அது அவமானமான கேள்வியாகப் பட்டது. நம் சபைப் பிள்ளை, விஞ்ஞானி, தன் கையால் வளர்த்த அபூர்வ ரகம் என்று மைக்கில் சொல்லியிருக்கிறார்கள். நான்கு பேர் போட்டி போட்டிருக்கிறார்கள். சேரன்மகாதேவிப் பக்கம் வாழை போட்டிருக்கிற ஓர் அண்ணாச்சி, மகள் வீட்டுக்குப் பண்டிகைக்கு வந்தவர், கடைசிவரை விடாமல் கேட்டு எடுத்து, தொட்டியை நெஞ்சோடு அணைத்து பஸ்ஸில் கொண்டுபோயிருக்கிறார்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அன்று வரவில்லை. பயம் வந்துவிட்டால் கோபத்துக்கு இடமிருக்காது போலிருக்கிறது. முடிக்கொத்து வந்த கன்று, நாற்பத்தொரு அசுவினிகளோடு, பண்டிகை ஆசீர்வாதத்தோடு, ஒரு வாழைத் தோட்டத்துக்குப் போய்விட்டது. அனுப்பியது நான்.

"நல்லதுதானட்டி செஞ்சிருக்கேன்?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா" என்றேன். தோசை சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.

சேரன்மகாதேவி போய்ச் சேரும்வரை, அவரிடம் சொல்வதற்கு மூன்று விதமான பொய்களைத் தயார் செய்தேன். மூன்றும் நன்றாக இருந்தன. தோட்டத்துக்குப் போனதும் மூன்றும் மறந்துபோயின. வாய்க்காலை ஒட்டி அறுநூறு வாழை, ஆளுயரம் வளர்ந்து, ஓர் இலைகூடக் கிழியாமல் நின்றன. பம்ப்செட் அறையின் நிழலில் என் தொட்டி இருந்தது. பண்டிகைக்கு அம்மா சுற்றிய ஜிகினாத்தாள்கூடக் கழற்றப்படவில்லை. சபைப் போதகர் சனிக்கிழமை வந்து ஜெபித்த பிறகு நடலாம் என்று வைத்திருந்தாராம். ஞாயிறு சாயங்காலத்திலிருந்து அங்கேயே இருக்கிறது.

லென்ஸை எடுத்து மண்டியிட்டேன். முதல் இலையடியில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒன்றுமில்லை. எல்லா இலையும் பார்த்தேன், குருத்தைப் பிரித்துப் பார்த்தேன், தண்டையும் மண்ணையும் பார்த்தேன். நாற்பத்தொன்றில் ஒன்றுகூட இல்லை. நிமிர்ந்து அந்த அறுநூறு வாழைகளைப் பார்த்தேன். ஒரு பூச்சி ஒரு செடியில் இல்லையென்றால் வேறு எங்கே இருக்கும் என்பதற்கு ஆராய்ச்சிப் பட்டம் தேவையில்லை.

அவரிடம் உண்மையைச் சொன்னேன். என்ன நோய், என்ன பூச்சி, அம்மாவிடம் நான் சொன்ன பொய், எண்ணிக்கை, எல்லாம். அவர் அறுபது வயதுக்காரர், தலையில் துண்டு கட்டியிருந்தார். அந்த வருடம் அவருக்கு வேறு பயிர் கிடையாது என்பதை நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அவர் தொட்டியின் அருகில் குந்தி, கொத்தாக நின்ற இலைகளைப் பார்த்தார்.

"இந்த நோய் எனக்குத் தெரியும்மா. கண்ணுல பட்டுச்சு. ஆனா கோயில்ல வச்சதை எப்படிச் சந்தேகப்பட?" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவர் அதைக் கவனிக்காதவர்போல வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"உங்க அம்மைக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"தெரிய வேண்டாம். சபை முன்னால நோயைக் கொண்டு வச்சோம்னு தெரிஞ்சா அவ்வோ அதுக்கப்புறம் கோயிலுக்கே வரமாட்டாவ. நாம பாத்துக்கிடுவோம்."

மருந்தடிக்க அவர் சம்மதிக்கவில்லை. வாய்க்காலில்தான் ஊரே குளிக்கிறது. ஆகவே செய்யக்கூடியது ஒன்றுதான். வைரஸ் ஏறிய வாழையில் அடையாளம் தெரிய மூன்று மாதம்வரை ஆகலாம். அதுவரை வாரம் தவறாமல் அறுநூறையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இலைக்காம்பில் கரும்பச்சையாகப் புள்ளியும் கோடும் தெரிந்தால், அந்த மரத்தையும் அதைச் சுற்றி நிற்பவற்றையும் தோண்ட வேண்டும். ஒரு மூலையில் தெரிந்தால் அந்த மூலை போகும். நான்கு மூலையிலும் தெரிந்தால் தோட்டம் போகும்.

என் செடியைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கல்லூரிக்குக் கொண்டுபோய், குக்கர் மாதிரி ஆவியில் அவிக்கிற ஆட்டோகிளேவில் போட்டேன். இரண்டு வருடம் அரைமணி நேரத்தில் வெந்தது. என் நெறியாளரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கதவில் இருக்கிற அறிவிப்பை ஒட்டியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். நன்றாக ஒட்டியிருக்கிறீர்கள் என்றார். பிறகு வலைக்குடில் சாவிக்காகக் கையை நீட்டினார்.

அதன்பின் சனிக்கிழமை தவறாமல் சேரன்மகாதேவி பஸ். அண்ணாச்சி ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. அவர் என்னைவிட வேகமாகப் பார்ப்பார், நான் அவர் பார்த்ததையும் மறுபடி பார்ப்பேன், அதை அவர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவிடம் களப்பணி என்று சொல்லியிருந்தேன். எங்கே என்று தெரிந்ததும் அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. புளியோதரை கட்டிக் கொடுத்து, அந்த அண்ணாச்சிக்கும் கொடு என்பாள். நான் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், நம்ம கன்னு எப்படி இருக்கிறது, எத்தனை இலை விட்டிருக்கிறது என்று கேட்பாள்.

நன்றாக இருக்கிறது, ஓர் இலை விட்டிருக்கிறது என்பேன். அடுத்த வாரம் இன்னொன்று. ஆவியில் வெந்துபோன செடி எங்கள் வீட்டில் வாரத்துக்கு ஓர் இலை விட்டு வளர்ந்தது. வளர்ச்சி வேகத்தில் தவறு வந்துவிடக் கூடாது என்று நோட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். என் ஆராய்ச்சியில் அந்த மூன்று மாதமும் ஒழுங்காகப் பதிவான தகவல் அது ஒன்றுதான்.

அண்ணாச்சிக்குப் பொய் வராது. கிறிஸ்மஸுக்கு மகள் வீட்டுக்கு வந்தவரை அம்மா ஆலய வாசலில் பிடித்துக் கன்றைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். அவர் திணறி, குலை தள்ளிவிட்டது என்று சொல்லியிருக்கிறார். நட்டு ஒன்றரை மாதத்தில் எந்த வாழை குலை தள்ளும் என்று அம்மா வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டாள். அதனால்தானே அபூர்வ ரகம் என்றேன். அம்மா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அப்படித்தான் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

ஏழாவது வாரம் வடக்கு ஓரத்தில் ஒரு வாழையின் குருத்து குறுகி இருந்தது. காம்பில் ஒரு கோடு தெரிந்தமாதிரி இருந்தது. அண்ணாச்சி மண்வெட்டியை எடுத்தார். நான்தான் பொறுங்கள் என்றேன். இலையில் ஒரு துண்டு வெட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, அதே பஸ்ஸில் திரும்பி, பிசிஆர் போட்டேன். அன்று எந்திரம் ஓடி முடிக்கிறவரை அதன் முன்னால் உட்கார்ந்து, அறுப்பின் பண்டிகையை முதன்முதலில் கண்டுபிடித்தவரிலிருந்து மைக் பிடித்தவர்வரை எல்லாரையும் மனத்துக்குள் திட்டினேன். வைரஸ் இல்லை. அந்த வாழை பக்கத்துப் பனைமரத்தின் நிழலில் மெலிந்திருக்கிறது, அவ்வளவுதான். போனில் சொன்னேன். மறுமுனையில் மண்வெட்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

பன்னிரண்டாவது வாரம், பொங்கல் எல்லாம் முடிந்த பிறகு, கடைசி வரிசையையும் பார்த்து முடித்தோம். அறுநூறும் சுத்தம். நான் நம்பாமல் மறுபடி ஒருமுறை சுற்றி வந்தேன். நாற்பத்தொரு அசுவினிகள் எங்கே போயின என்பதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. பறவை தின்றிருக்கலாம், மழை அடித்துக்கொண்டு போயிருக்கலாம். இவற்றை ஒரு கட்டுரையில் எழுதினால் நானே சிவப்பு மையால் அடித்திருப்பேன். அண்ணாச்சி அதெல்லாம் கேட்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு தார் வாங்கி, அம்மாவுக்கு என்று கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து தாரை அடுப்படியில் இறக்கினேன். அம்மா உடனே ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கலக்க ஆரம்பித்தாள். இது எதற்கு என்று கேட்டேன்.

"தோட்டத்துலேருந்து வாரதுல பூச்சி பொட்டு இருக்கும்லா. உன் கன்னுல இல்லாததா? இலையடி பூரா கறுப்பு கறுப்பாப் பேன் மாதிரி. அம்புட்டு நேரம் உத்து உத்துப் பாக்குத, அது உன் கண்ணுல படலை. பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கரைச்சு, பழைய பல் பிரஷை வச்சு, இலை இலையாத் தேச்சு, மூணு தண்ணி விட்டுல்லா அனுப்புனேன். கோயிலுக்குப் போறதை அழுக்கோடயா குடுப்பாவ?"

அசுவினிக்குச் சோப்புக் கரைசல். இளங்கலை மாணவர்களுக்கு அதை நானே பாடம் எடுத்திருக்கிறேன். நாற்பத்தொன்றும் சேரன்மகாதேவிக்குப் போகவே இல்லை. பண்டிகைக்கு முந்தின நாள் எங்கள் மொட்டைமாடியில், பல் தேய்க்கும் பிரஷில் செத்துப்போயிருக்கின்றன. ஒரு நோய் எங்கிருந்து எங்கே போயிற்று என்று தேடுவதற்கு முதல் விதி, முதலில் கையில் வைத்திருந்தவரைக் கேள் என்பது. நான் ஏலம் விட்டவரைக் கேட்டேன். எடுத்தவரைக் கேட்டேன். அவர் எந்த பஸ்ஸில், எந்த இருக்கையில் போனார் என்றுகூடக் கேட்டேன். கன்றை என்ன செய்து அனுப்பினாய் என்று அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இதை ஏம்மா சொல்லலை?"

"நீ கேக்கலையே."

அடுப்படித் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வைரஸ் என்ற சொல்லைச் சொன்னேன். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். கண் கலங்கிற்று. நோய்ச் செடியையா பீடத்துக்கு முன்னால் வைத்தேன் என்று இரண்டு தடவை கேட்டாள். அந்த அண்ணாச்சி யாரிடமும் சொல்லவில்லையா என்று ஒரு தடவை கேட்டாள். பிறகு, அந்தப் பன்னிரண்டு இலை, என்று இழுத்தாள். பொய் என்றேன். குலையும் பொய்யா என்றாள். அது அவர் சொன்னது என்றேன்.

வீட்டில் முருங்கை இருக்கிறது, எலுமிச்சை காய்க்கிறது, போயும் போயும் அந்தக் கன்றை ஏன் கொடுத்தாய் என்று கேட்டேன். குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. மூன்று மாதம் தாமதமாகக் கேட்க வேண்டிய கேள்விகளில் அதுவும் ஒன்று.

அம்மா தாரிலிருந்து ஒரு பழத்தைப் பைய இணுங்கித் துடைத்தாள்.

"இந்த வீட்ல நீ தினமும் உக்காந்து பேசுதது அது ஒண்ணுகிட்டத்தான். அதான் நல்லதா இருக்கும்னு குடுத்தேன்" என்றாள்.

நான் பேசவில்லை, எண்ணிக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். எடுத்த வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வழக்கமான நேரத்துக்கு விழிப்பு வந்தது. மாடியில் வேலை எதுவும் இல்லை. அடுப்படிக்குப் போய், அம்மா காப்பி போடுகிற இடத்துக்குப் பக்கத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்லையே" என்றாள்.